ஜூனுக்குப் பிறகு ஹாஸ்டல் பள்ளியில் இடம் கிடைக்குமா? – வாசகர் கேள்வி பதில்

பள்ளி திறந்த வாரத்தில் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. பிள்ளையை ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்க வேண்டும், தாமதமாகிவிட்டது, இனி முடியுமா? நீலகிரியில் ஓர் உறைவிடப் பள்ளியில் ஏழு வருடம் ஹாஸ்டல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மேட்ரனாகவும், அப்புறம் இருபது வருடம் அட்மிஷன் அலுவலகத்திலும் வேலை பார்த்தவள் நான். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் என்பதால் இந்த இதழ் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பலரும் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

நானும் என் கணவரும் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறோம். ராத்திரி பத்து மணிக்குக் குறைந்து வீடு திரும்புவதில்லை. பையனை மாமியார்தான் பார்த்துக்கொண்டார். ஏப்ரலில் அவருக்குப் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். மே கடைசியில்தான் பையனை ஹாஸ்டலில் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். எட்டாம் வகுப்பு போகிறான். ஊட்டியில் இரண்டு, ஏற்காட்டில் ஒன்று, மூன்று பள்ளிக்கும் போன் செய்தேன். மூன்றிலும் ‘அட்மிஷன் க்ளோஸ்டு’ என்று வைத்துவிட்டார்கள். இனி விண்ணப்பிப்பதில் பயன் உண்டா அம்மா? தாமதமாக வருகிறோம் என்று மட்டமாக நினைப்பார்களா?
– ஒரு தாய், திருப்பூர்

பயன் உண்டு. மட்டமாகவும் நினைக்க மாட்டார்கள். ஆனால் போனில் ‘இடம் இருக்கிறதா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பதில்தான் வரும், ஏனென்றால் அந்த நிமிடத்தில் அது உண்மை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

ஹாஸ்டல் பள்ளியில் இடத்தைக் கட்டிலால்தான் எண்ணுவார்கள். எட்டாம் வகுப்பில் இன்னும் நான்கு பிள்ளைகளை உட்கார வைக்க இடம் இருக்கலாம். ஆனால் அந்த வயதுப் பையன்கள் படுக்கும் டார்மிட்டரியில் கட்டில் இல்லையென்றால் இடம் இல்லை. பதினோராம் வகுப்பு டார்மிட்டரியில் ஆறு கட்டில் காலியாகக் கிடந்தாலும் பதின்மூன்று வயதுப் பையனை அங்கே போட மாட்டார்கள், போடவும் கூடாது. அதனால் மறுபடி போன் செய்யும்போது இப்படிக் கேளுங்கள்: “எட்டாம் வகுப்புப் பையன்கள் டார்மிட்டரியில் கட்டில் காலியானால் எங்களுக்குச் சொல்வீர்களா? காத்திருப்போர் பட்டியல் வைத்திருக்கிறீர்களா? அதில் எங்கள் பெயரைச் சேர்க்க என்ன அனுப்ப வேண்டும்?” பதில் சொல்கிறவரின் குரலே மாறும்.

கட்டில் எப்போது காலியாகும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மே மாதத்தில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பல பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள், ஆனால் அது பதினோராம் வகுப்புக்குத்தான் உதவும். உங்களுக்கு உதவக்கூடியவை இரண்டு. முதலாவது, பள்ளி திறந்து நான்கைந்து நாள் கழித்து. முன்பணம் கட்டிவிட்டு வராமல் இருப்பவர்கள் யார் என்று அப்போது தெரிந்துவிடும். இரண்டாவது, அதிலிருந்து மூன்று வாரம் முதல் ஆறு வாரம் வரை. மலையில் ஜூலை மாதம் புதிதாக வந்த பிள்ளைக்குச் சுலபமானது இல்லை. தென்மேற்குப் பருவமழை, நாள் முழுக்க மூட்டம், துவைத்த காலுறை மூன்று நாளானாலும் காயாது. வீட்டு நினைப்பு தாங்காமல் ஒரு பிள்ளையாவது ஆகஸ்ட் 15க்குள் ஊர் திரும்பாத வருடம் என் நினைவில் இல்லை. அந்தக் கட்டில்தான் உங்களுக்கானது.

அந்தக் கட்டில் உங்களுக்கு வந்து சேர வேண்டுமென்றால் உங்கள் காகிதம் அந்த அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். இதை நான் என் தவறிலிருந்து கற்றுக்கொண்டேன். அலுவலகத்துக்கு மாறிய முதல் வருடம், ஜூன் மாதத்தில் ஒரு அப்பா போன் செய்தார். மனைவி இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. பையன் எட்டாம் வகுப்பு, உங்கள் பையனைப் போலவே. இடமில்லை என்றேன். சரிங்க என்று வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, மூச்சிரைப்பு இருந்த ஒரு பையனைப் பெற்றோர் வந்து அழைத்துப் போனார்கள். எட்டாம் வகுப்பு. நான் அந்த அப்பாவின் நம்பரை வாங்கிவைக்கவில்லை. ஊர் பெயர்கூடக் கேட்கவில்லை. அவர் மறுபடி கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. அந்தக் கட்டில் காலாண்டுத் தேர்வு வரை சும்மாவே கிடந்தது. ஒவ்வொரு ராத்திரியும் ரவுண்ட்ஸ் போகும்போது அதைப் பார்ப்பேன். அடுத்த வாரமே ஒரு நோட்டு போட்டேன். போன் செய்கிற எல்லாருடைய பெயர், வகுப்பு, காரணம், நம்பர். ஓய்வு பெறும் வரை அந்த நோட்டை விடவில்லை. எல்லா அலுவலகத்திலும் அப்படி ஒரு நோட்டு இருக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. அதனால் நீங்களே காகிதத்தில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

ஒரு பக்கக் கடிதம் போதும். முதல் வரியிலேயே எட்டாம் வகுப்பு, பையன், இப்போது படிக்கும் பாடத்திட்டம். அடுத்து, ஏன் தாமதம். எனக்கு எழுதியதை அப்படியே எழுதுங்கள்: மாமியாருக்கு ஏப்ரலில் பக்கவாதம், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். ஜூன் மாதத்தில் வருகிற விண்ணப்பத்தைப் பார்க்கும் முதல்வருக்கு ஒரே சந்தேகம்தான்: இந்தப் பிள்ளையை முந்தைய பள்ளியிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்களா? காரணத்தை நீங்கள் எழுதாமல் விட்டால் அவராகவே ஒன்றை நினைத்துக்கொள்வார். இப்போதைய பள்ளித் தலைமை ஆசிரியரிடம் நடத்தை பற்றி நான்கு வரி வாங்கி இணைத்தால் அந்தச் சந்தேகம் போய்விடும். கடைசி இரண்டு வருட மதிப்பெண் பட்டியல் ஜெராக்ஸ், உடம்புக்கு ஏதாவது இருந்தால் அதுவும். இரவில் படுக்கையை நனைப்பது, தூக்கத்தில் நடப்பது, வலிப்பு எதையும் மறைக்காதீர்கள். மேட்ரனுக்கு முன்பே தெரிந்தால் பிள்ளைக்கு அவமானம் நேராமல் பார்த்துக்கொள்வார். கடிதத்தின் கடைசி வரி இது: “தகவல் கிடைத்த மூன்றாம் நாள் எங்களால் பையனைச் சேர்க்க முடியும்.” காலிக் கட்டிலை வைத்துக்கொண்டு ஆள் தேடுகிற அலுவலகத்துக்கு இந்த வரி மிகவும் பிடிக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை போன் செய்து ஞாபகப்படுத்துங்கள். தினமும் வேண்டாம்.

எத்தனை பள்ளிக்கு அனுப்பலாம்? நான்கு. நேரில் போய்ப் பார்க்க முடிகிற பள்ளிகளுக்கு மட்டும். பெயர் பெற்ற பள்ளிகளையும் யோசித்திருப்பீர்கள். லவ்டேலில் 1858ல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி போன்ற இடங்களில் சேர்க்கை வேலை பள்ளி திறப்பதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். 1901ல் தொடங்கிய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி, ஊட்டி ஹெப்ரான் பள்ளி இரண்டிலும் புது வருடம் ஜூலை கடைசி, ஆகஸ்ட் வாக்கில் பிறக்கிறது. அதனால் அங்கே ஜூன் அவ்வளவு தாமதம் இல்லை. ஆனால் பாடத்திட்டம் முற்றிலும் வேறு, செலவும் பல லட்சம். உங்கள் கடிதத்தைப் படித்த வரையில் அந்த வழி வேண்டாம் என்பேன். உங்கள் மாவட்டத்திலேயே, உடுமலைப்பேட்டைப் பக்கம், அமராவதிநகர் சைனிக் பள்ளி 1962 முதல் இருக்கிறது. அது தனியார் பள்ளி அல்ல. ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் மட்டும் அகில இந்திய நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். இந்த வருடத்துக்கு முடிந்துபோன கதை. அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்குப் பையனுக்கு விருப்பம் இருந்தால், அக்டோபரிலிருந்தே அறிவிப்பைக் கவனியுங்கள். அங்கே தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதுவரை பையன் திருப்பூர்ப் பள்ளிக்கே போகட்டும். இடம் உறுதி என்று எழுத்தில் வரும் வரை டி.சி. வாங்காதீர்கள். வாங்கிவிட்டுக் காத்திருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஆகஸ்ட் மாதம் பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கும், அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

கல்வி உரிமைச் சட்டப்படி எப்போது வந்தாலும் பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்கிறார்களே? அதைச் சொல்லி ஹாஸ்டல் பள்ளியில் கேட்க முடியாதா?
– ஓர் ஆசிரியர், மதுரை

2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. கல்வியாண்டுத் தொடக்கத்தில் சேர்க்க வேண்டும், நீட்டித்த கால அவகாசம் முடிந்த பிறகு வந்தாலும் மறுக்கக் கூடாது. ஆனால் இந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014ல் தீர்ப்பளித்துவிட்டது. மலையில் உள்ள பழைய ஹாஸ்டல் பள்ளிகளில் பல கிறிஸ்தவ நிறுவனங்கள் நடத்துபவை. எல்லாவற்றுக்கும் மேல், சட்டப் புத்தகத்தைக் காட்டி ஒரு கட்டிலைப் புதிதாக உண்டாக்க முடியாது. இந்தப் பிரிவின் உண்மையான பலன் வேறு இடத்தில் இருக்கிறது. ஹாஸ்டலுக்குக் காத்திருக்கும் பிள்ளையைப் பக்கத்து அரசுப் பள்ளியில் எந்த மாதத்திலும் சேர்க்கலாம். ‘இப்போது முடியாது, அடுத்த ஜூனில் வா’ என்று யாரும் சொல்ல முடியாது.

பேத்திக்கு ஆறாம் வகுப்புக்கு இடம் தேடுகிறோம். ஒருவர் ஐம்பதாயிரம் கொடுத்தால் ‘மேனேஜ்மென்ட் கோட்டா’வில் வாங்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு தாத்தா, கும்பகோணம்

கொடுக்காதீர்கள் ஐயா. அதே 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு நன்கொடை வாங்கிச் சேர்ப்பதைத் தடை செய்கிறது. வாங்கினால் அந்தத் தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். ஜூன், ஜூலை மாதங்களில் இப்படி ஆட்கள் கிளம்புவார்கள். அவர்கள் செய்வதெல்லாம், உங்களைப் போலவே பள்ளிக்குப் போன் செய்து கட்டில் காலியா என்று கேட்பதுதான். காலியானால் ‘நான் வாங்கித் தந்தேன்’ என்பார்கள். இல்லையென்றால் போன் எடுக்க மாட்டார்கள். பணம் கட்டுவதென்றால் பள்ளியின் வங்கிக் கணக்கில், பள்ளி பெயர் அச்சிட்ட ரசீதுக்கு மட்டும்.

பழைய பள்ளியில் டி.சி. கேட்டால், இந்த வருடக் கட்டணம் முழுவதையும் கட்டினால்தான் தருவோம் என்கிறார்கள். பையன் இந்த வருடம் அங்கே ஒரு நாள்கூடப் போகவில்லை. புதுப் பள்ளியில் ஜூலை 1ஆம் தேதிக்குள் கேட்கிறார்கள்.
– ஒரு தந்தை, ராசிபுரம்

டி.சி.யைக் கட்டணம் வசூலிக்கும் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கட்டண பாக்கி என்று டி.சி.யில் எழுதுவதும் கூடாது. இதைக் குறிப்பிட்டுத் தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி, நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். ஒரு வாரத்தில் நடக்கவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். போன வருட பாக்கி உண்மையிலேயே இருந்தால் அதைக் கட்டிவிடுங்கள், அது வேறு விஷயம்.

காகிதம் மட்டும் போதாது. பழைய பள்ளி, பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் உங்கள் பையனின் பெயரை விடுவித்து ‘காமன் பூல்’ என்கிற பொதுப் பட்டியலுக்குத் தள்ள வேண்டும். அப்போதுதான் புதுப் பள்ளி எமிஸ் நம்பரைப் போட்டு எடுத்துக்கொள்ள முடியும். டி.சி. கையில் இருந்தும் பெயர் விடுவிக்கப்படாமல் செப்டம்பர் வரை இழுத்த கதைகள் உண்டு. டி.சி. வாங்கும் அன்றே அலுவலகத்தில் நின்று, ‘விட்டாயிற்றா?’ என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

மஸ்கட்டில் இருக்கிறேன். கம்பெனி ஆட்குறைப்பு செய்கிறது. என் வேலை செப்டம்பரில் முடிகிறது. மகள் இங்கே இந்தியப் பள்ளியில் சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பு. ஊருக்கு வந்தால் நான் வேறு வேலை தேடி அலைய வேண்டும், அதனால் அவளை ஒரு வருடமாவது ஹாஸ்டலில் விட நினைக்கிறோம். செப்டம்பரில் யாராவது சேர்ப்பார்களா? அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது.
– ஒரு தந்தை, மஸ்கட்

செப்டம்பரில் வந்து கேட்காதீர்கள், இன்றைக்கே கேளுங்கள். வந்து சேரும் தேதி உங்கள் கையில் இல்லை. கேட்கும் தேதி உங்கள் கையில்தான் இருக்கிறது. “அக்டோபர் முதல் வாரம், பூஜை விடுமுறை முடிந்து சேருவாள்” என்று எழுதினால் பள்ளிக்கும் வசதி. காலாண்டுத் தேர்வு விடுமுறையோடு ஊர் திரும்பி வராத பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். ஹாஸ்டலில் அது இரண்டாவது வாசல். பேட்டியை வீடியோ காலிலேயே முடித்துத் தரும் பள்ளிகள் இப்போது நிறைய.

பாடத்திட்டம் மாற்றாதீர்கள். சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளையின் பெயரை வாரியத்தில் பதிவு செய்வார்கள், அதை வைத்துத்தான் பத்தாம் வகுப்புத் தேர்வு. மஸ்கட் பள்ளியில் பதிவு முடிந்துவிட்டதா, எந்த நம்பர் என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, சி.பி.எஸ்.இ. ஹாஸ்டல் பள்ளிகளை மட்டும் தேடுங்கள். அங்கும் இங்கும் வருடம் ஏப்ரலில் தொடங்குவதால் பாடம் பெரிதாக விட்டுப்போகாது. ஐ.சி.எஸ்.இ.யில் ஒன்பதும் பத்தும் சேர்ந்து இரண்டு வருடப் படிப்பு, நடுவில் நுழைவது கஷ்டம். மாநிலப் பாடத்திட்டத்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். எழுதத் தெரியாத பிள்ளையை அடுத்த வருடம் தமிழ்த் தேர்வுக்கு உட்கார வைப்பது அவளுக்குச் செய்யும் கொடுமை. சி.பி.எஸ்.இ. பள்ளியிலும் மொழிப்பாடமாக அவள் இப்போது படிப்பதே கிடைக்குமா என்று முதல் போனிலேயே கேளுங்கள். டி.சி.க்கு அந்த நாட்டுக் கல்வித் துறை, வெளியுறவுத் துறை, இந்தியத் தூதரகம் என்று எந்தெந்த முத்திரை வேண்டும் என்பதைச் சேரப்போகும் பள்ளியிடம் எழுத்தில் வாங்குங்கள். கிளம்பி வந்த பிறகு அங்கிருந்து ஒரு முத்திரை வாங்குவது மாதக்கணக்கில் இழுக்கும்.

வேலை போகிறது என்பதை மறைக்க வேண்டுமா என்று கடிதத்தின் பின்பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். மறைக்க வேண்டாம். அலுவலகத்துக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்த வருடம் முடியும் வரை கட்டணம் கட்ட முடியுமா? முடியும் என்றால் முடியும் என்று எழுதுங்கள். முடியாது என்றால் பாதியில் எடுக்க வேண்டிய இடத்தில் அவளைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள், தாத்தா வீட்டிலிருந்து போய் வரக்கூடிய பள்ளி போதும். ஒன்பதாம் வகுப்பில் ஒரே வருடத்தில் மூன்று பள்ளி மாறிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். பாடம் அவளைச் சோர்வாக்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் ‘நீ ஏன் பாதியில் வந்தாய்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோனாள்.

எனக்கு 12 வயது. அப்பாவும் அம்மாவும் என்னைக் கேட்காமலே ட்ரங்க் பெட்டி வாங்கிவிட்டார்கள். வரும் சனிக்கிழமை ஒரு ஹாஸ்டல் ஸ்கூலில் இன்டர்வியூ. எனக்குப் போக இஷ்டம் இல்லை. இங்கே நான் கபடி டீமில் இருக்கிறேன். சொன்னால் அப்பா கோபப்படுவார். இன்டர்வியூவில் வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பதில் சொன்னால் விட்டுவிடுவார்களா?
– ஏழாம் வகுப்பு மாணவன், ஈரோடு

தம்பி, உன்னைப் போலவே யோசித்த பிள்ளைகள் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழு எட்டு ஐம்பத்தாறு என்று தெரிந்தும் ஐம்பத்து நான்கு என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பார்கள். எங்களுக்குத் தெரிந்துவிடும். வெளியே போன பிறகு அப்பா திட்டுவார், அந்தத் திட்டு உனக்கு மிச்சம். அப்படிச் செய்யாதே.

அதற்குப் பதில் நேரான வழி ஒன்று இருக்கிறது. உள்ளே போனதும், “மேடம், நான் தனியாகக் கொஞ்சம் பேசலாமா?” என்று கேள். நல்ல பள்ளியில் அப்பா அம்மாவை வெளியே இருக்கச் சொல்வார்கள். அப்போது எனக்கு எழுதியதை அப்படியே சொல். விருப்பமில்லாத பிள்ளையைச் சேர்க்க எந்த வார்டனுக்கும் ஆசை இருக்காது. அவர்கள் உன் அப்பாவிடம் பக்குவமாகப் பேசுவார்கள்.

சனிக்கிழமைக்கு முன்னால் அப்பாவுக்கு ஒரு சீட்டு எழுது. நேரில் சொன்னால்தானே கோபம்? சீட்டில் இரண்டு கேள்வி போதும்: “என்னை ஏன் அனுப்புகிறீர்கள்? காலாண்டு லீவு வரை போய்ப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் திரும்பி வரலாமா?” பெரியவர்கள் அனுப்புவதற்குச் சில நேரம் உன்னிடம் சொல்லாத காரணம் இருக்கும். கடன், வேலை, வீட்டில் சண்டை, யாருக்காவது உடம்பு சரியில்லை. அது எதுவும் நீ செய்த தப்பால் வந்தது இல்லை. இதை மட்டும் நீ நம்ப வேண்டும். அந்தப் பள்ளியில் கபடி இருக்கிறதா என்றும் கேட்டுவிடு. மலைப் பள்ளிகளில் ஹாக்கியும் புட்பாலும்தான் அதிகம், ஆனால் இருக்கவும் செய்யலாம்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் பெற்றோருக்கு: தாமதமாக விண்ணப்பிக்கும் வீடுகளில்தான் இது அதிகம் நடக்கிறது. அவசரம், ஓட்டம், எல்லாரிடமும் கேட்கிறோம், போகப்போகும் பிள்ளையிடம் கேட்க மட்டும் நேரமில்லை. ஆகஸ்டில் வீடு திரும்பும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இப்படி வந்தவர்களாகவே இருந்தார்கள். பெட்டி வாங்கும் முன் ஒரு சாயங்காலம் பிள்ளையோடு உட்கார்ந்து, ஏன் என்பதை உள்ளபடியே சொல்லுங்கள். பன்னிரண்டு வயதுக்கு அது புரியும்.

ஜூலையில் சேர்ந்தாலும் முழு வருடக் கட்டணம் கேட்கிறார்கள். நியாயமா?
– ஒரு வாசகி, கரூர்

படிப்புக் கட்டணத்தைக் குறைக்க மாட்டார்கள். சாப்பாடு, தங்குமிடக் கட்டணத்தில் விட்டுப்போன மாதத்தைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள், பல இடங்களில் கேட்டால் கழிப்பார்கள். காஷன் டெபாசிட் எவ்வளவு, பாதியில் எடுத்தால் எது திரும்ப வரும், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், இந்த மூன்றும் எழுத்தில் வேண்டும். கூடவே, 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள் சட்டப்படி பதிவு செய்த ஹாஸ்டல்தானா என்றும் கேளுங்கள். அவசரத்தில் சேர்க்கும்போது இதை யாரும் கேட்பதில்லை.

கட்டில் கிடைத்துவிட்டது! ஊட்டியில், ஆறாம் வகுப்பு. ஜூலை இரண்டாம் வாரம் மகளைக் கொண்டுபோய் விடுகிறோம். மற்ற பிள்ளைகள் சேர்ந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. இவள் தனியாக நிற்பாளோ என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. என்ன கொடுத்தனுப்புவது, எப்படி விட்டுவிட்டு வருவது?
– ஒரு தாய், விருதுநகர்

உங்கள் பயம் சரியானதுதான். ஒரு மாதத்தில் டார்மிட்டரியில் ஜோடி சேர்ந்துவிடும். யார் யாரோடு குளிக்கப் போவது, மெஸ்ஸில் யார் பக்கத்தில் உட்காருவது எல்லாம் முடிவாகியிருக்கும். அதனால் போவதற்கு முன்பே மேட்ரனுக்குப் போன் செய்து, “இவளுக்கு முதல் வாரம் ஒரு தோழியைக் காட்டிவிடுவீர்களா?” என்று கேளுங்கள். நான் மேட்ரனாக இருந்தபோது தாமதமாக வருகிற பிள்ளைக்கு, முந்தின வருடம் தாமதமாக வந்த பிள்ளையைத்தான் துணைக்கு விடுவேன். அவளுக்குத்தான் எந்தக் குழாயில் வெந்நீர் முதலில் வரும் என்று சொல்லிக் கொடுக்கத் தோன்றும்.

சனிக்கிழமை மதியம் போய்ச் சேருங்கள். ஞாயிறு சாயங்காலம் வேண்டாம், மறுநாள் காலை நேரே வகுப்பில் போய் நிற்க வேண்டியிருக்கும். சனி ஞாயிறு விளையாட்டு நேரம் அவளுக்குக் கிடைக்கட்டும். சொந்த வண்டியில் போவதென்றால் ஊட்டிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், முந்தின நாளே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வழியில் சோதனை செய்கிறவர்கள் பிடுங்கிக்கொள்வார்கள், எவர்சில்வர் பிளாஸ்க் கொடுத்தனுப்புங்கள்.

துணியில் பள்ளி தந்த லாண்டரி நம்பரைப் பேனாவால் எழுதாதீர்கள், இரண்டு சலவையில் போய்விடும். நாடாவில் தைத்துவிடுங்கள். காலுறை பட்டியலில் ஆறு ஜோடி என்றிருந்தால் பத்து வையுங்கள். குடை வேண்டாம், காற்றில் நிற்காது. தொப்பி வைத்த மழைக்கோட்டு நல்லது. தேங்காய் எண்ணெயைச் சின்ன வாய் பாட்டிலில் கொடுத்துவிடாதீர்கள். அங்கே உறைந்து கல்லாகிவிடும், குழந்தை தலைக்கு எண்ணெய் வைக்க முடியாமல் பாட்டிலைத் தட்டிக்கொண்டு நிற்கும். வாய் அகன்ற டப்பாவில் ஊற்றி, சின்ன ஸ்பூன் ஒன்று போடுங்கள். ஒரு மாதப் பாடக் குறிப்பை இப்போதே வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்கினால், கொஞ்சம் படித்துவிட்டே போவாள்.

பள்ளி அனுமதித்தால் சாத்தூர் சேவு ஒரு கிலோ கொடுத்தனுப்புங்கள். அவளுக்காக மட்டும் இல்லை, டார்மிட்டரிக்கு. முதல் ராத்திரி அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது பத்துப் பிள்ளைகளாவது அவள் கட்டிலைச் சுற்றி உட்காருவார்கள். உங்கள் ஊர் எங்கே, உன் பெயர் என்ன என்று பேச்சு அங்கேதான் தொடங்கும்.

சாயங்காலம் ப்ரெப் மணி, அதாவது படிப்பு நேரத்துக்கான மணி, அடிப்பதற்கு முன்னால் கிளம்பிவிடுங்கள். ஊட்டியில் லாட்ஜ் எடுத்துத் தங்கி, காலையில் மறுபடி எட்டிப் பார்க்காதீர்கள். ஒரு ராத்திரி முழுக்கச் சமாதானமான பிள்ளை உங்களைப் பார்த்ததும் முதலிலிருந்து அழும். முதல் போனில் “நீ இல்லாமல் வீடே நல்லா இல்லை” என்று சொல்லாதீர்கள், அவள் அதையும் சேர்த்துச் சுமப்பாள். தெருவில் பூனை குட்டி போட்டது, சித்தி வந்தாள் என்று சாதாரணமாகப் பேசுங்கள். அழுதால் அழட்டும், கேட்டுக்கொண்டிருங்கள். ஆனால் யாராவது அடிக்கிறார்கள், தொடுகிறார்கள், பயமாக இருக்கிறது என்று சொன்னால் அது வீட்டு நினைப்பு இல்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், ட்ரங்க் பெட்டிப் பூட்டுக்கு இரண்டு சாவி வரும். ஒன்றை அவள் கழுத்துக் கயிற்றில் கோத்துவிடுங்கள். இன்னொன்றை ஊருக்குக் கொண்டுபோகாமல் மேட்ரனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.